நிறையாத குழி

கரமனை ஆற்றுக்கு இறங்கும் தெருவில், மேட்டுப் பக்கத்தில் இருந்தது தாணுமாலையன் பிள்ளையின் வீடு. முன்முற்றத்தில் கிணறு. அந்தக் கிணற்றின் முதல் குடம் தண்ணீர் வீட்டாருக்குச் சொந்தமில்லை, தெருக்கோடி முத்தாரம்மனுக்குச் சொந்தம். விடியுமுன் வீட்டின் மூத்த ஆண் குளித்து, ஈர வேட்டியோடு செப்புக்குடத்தில் இறைத்து, வழியில் ஒருவரோடும் பேசாமல் தோளில் சுமந்துபோய் சன்னிதிப் படியில் இறக்கி வைக்க வேண்டும். அதற்கு முன் யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அன்றைக்கு அம்மனுக்குக் குடம் கிடையாது. பூதப்பாண்டியிலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்த கொள்ளுத்தாத்தா கிணறு வெட்டிய காலத்திலிருந்து நடந்துவருகிற முறை இது. பிள்ளை ஏஜீஸ் ஆபீஸில் கணக்கு உத்தியோகம் பார்த்தபோதும், ஓய்வு பெற்ற பிறகும், காய்ச்சலோ மழையோ பார்த்ததில்லை. தெருவில் அவர் நிமிர்ந்து நடந்ததற்கு அந்தக் குடம் ஒரு காரணம். குடம் சுமக்கிறவன் குனிந்தால் தண்ணீர் தளும்பிவிடும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசித் துலாமழை தொடங்கின கையோடு தெருவில் மஞ்சள்காமாலை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு அங்கங்கே. டாக்டர் தண்ணீரைத்தான் சொன்னார். தண்ணீர் என்றதும் ஜனங்களின் கண் பிள்ளை வீட்டுக் கிணற்றின் மேல் போனது, ஏனென்றால் அம்மனின் தீர்த்தத்தைத் தெரு முழுக்கக் கைநீட்டி வாங்கிக் குடித்திருந்தது.

கோவில் கமிட்டிச் செயலாளர் சாம்பசிவன் ஒரு சாயங்காலம் வந்தார். பகவதியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொல்லி டம்ளரை அவர் மெல்ல நகர்த்தி வைத்தார். பிள்ளை அதைப் பார்த்தார்.

“அண்ணாச்சி தப்பா நெனைக்கப்பிடாது,” என்றார் சாம்பசிவன். “கொஞ்ச நாளைக்குக் குழாத்தண்ணியில அபிஷேகம் நடக்கட்டும். சனங்க வாய நம்மளால கெட்ட முடியுமா?”

கார்த்திகை முதல் தேதி மண்டல பூஜை தொடங்குகிறது. அதற்குள் விஷயம் தெளிந்தால் குடம் பழையபடி இந்த வீட்டிலிருந்தே வரட்டும், இல்லையென்றால் கமிட்டி வேறு கிணறு பார்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். வேறு கிணறு எது என்று பிள்ளை கேட்கவில்லை. சாம்பசிவன் போன வருஷம்தான் தன் கிணற்றுக்குப் புதிதாகக் கைப்பிடிச்சுவர் கட்டி ஓடு பதித்திருந்தார்.

அவர் போன பிறகு ஆறிப்போன காப்பியைப் பிள்ளை தாமே எடுத்துக் குடித்தார். மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு நிலத்தடி நீர் சோதிக்கிற ஆபீசுக்குப் பஸ் ஏறினார். ஊரார் சொல்லிச் சோதிக்க வருவதற்கு முன் தாமே கூப்பிட்டதாக இருக்க வேண்டும்.

வந்தவள் பிரேமா என்ற அதிகாரி. ஊருக்குள்ளேயே வலியசாலையிலுள்ள தமிழ்க் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும். கிணற்றின் ஆழத்தை நாடாவில் அளந்தாள். காம்பவுண்டைச் சுற்றி நடந்தாள். மதிலோரம் மிச்சம் கிடந்த ஒரு செம்பாறை வெட்டுக்கல்லைப் புரட்டிப் போட்டு, பகவதியம்மாளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று பிள்ளைக்கு மனம் குளிர்ந்தது. அவளோ தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றினாள். கல் அதைக் குடித்தது. சற்று நேரத்தில் அடிப்பக்கம் ஈரம் கசிந்து, சொட்டத் தொடங்கியது.

“பாக்க ஒறப்பா இருக்கு சார். ஆனா உள்ள முழுக்க ஓட்டை. ஓட்டைக்குள்ள மண்ணு அடைஞ்சிருக்கும். மழை பேஞ்சு பேஞ்சு மண்ணு கரைஞ்சு போனா அப்புறம் அது வழியாக்கும். நம்ம ஊர்ல கால் அடியில இருக்கது முழுக்க இந்தக் கல்லுதான்.”

கக்கூஸ் குழி எங்கே என்று அவள் கேட்டாள். பிள்ளை காத்திருந்த கேள்வி அது. பின்கோடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கிணற்றிலிருந்து காம்பவுண்டு எவ்வளவு இடம் கொடுக்குமோ அவ்வளவு தள்ளி, மதிலை ஒட்டி, அவருடைய அப்பா நின்று வெட்டுவித்த குழி. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே வீடு முழுவதும் நின்றது. ஆசாரம் தெரிந்த கையின் வேலை என்று அவர் எப்போதும் சொல்வார்.

“ஒண்ணு கேட்டுக்கிடணும்,” என்றார். “இந்தக் குழி இதுவரைக்கும் நெறஞ்சதே கெடையாது. ஒருவட்டங்கூட ஆள விட்டுக் கோரிச் சுத்தம் பண்ணினதில்ல. தெருவுல வேற எந்த வீட்டுலயும் அப்பிடிச் சொல்ல முடியாது.”

பிரேமா குழியின் மூடியைக் குனிந்து பார்த்தாள்.

“நெறையலேன்னா அது நல்லதுக்கில்ல சார்,” என்றாள் பிறகு. “உள்ள போனது எங்கயோ போயிட்டிருக்கு.”

பிள்ளை இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிவந்ததை ஒரு பெண் இரண்டு வாக்கியத்தில் திருப்பிப் போட்டுவிட்டாள்.

தண்ணீர் பொதுவாக ஆற்றுச் சரிவைப் பார்த்துத்தான் போகும், அதனால் குழியிலிருந்து மேட்டுக் கிணற்றுக்கு வரும் என்று சொல்வதற்கில்லை என்றாள் அவள். ஆனால் கல்லுக்குள் வழி எப்படிப் போகிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. மோட்டார் போட்டு இழுத்தால் கீழே போகிறதும் திரும்பி வரும். மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு வேளையும் அது ஓடியது.

சாயம் கரைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. தெருவில் முதலில் எந்த வீட்டுக் குழியில் கரைப்பது என்ற பேச்சு வந்தபோது பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, “எங்க வீட்டுலேருந்து தொடங்கணும்,” என்றார். பிரேமா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். செங்காவிப் பொடி. அதைக் கக்கூசில் கொட்டி வாளி வாளியாகத் தண்ணீர் விட்டபோது, செங்காவி இளம்பச்சையாக மாறியது. ஒளிர்கிற பச்சை, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி. அதைப் பார்த்ததும் பகவதியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷமில்லை, பயப்பட வேண்டாம் என்றாள் பிரேமா. எப்போதும்போல் புழங்க வேண்டும், மோட்டார் மட்டும் வேண்டாம். தினமும் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு, கண்காணிக்க வேறு கிணறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டாள். பிள்ளை தெருவிலுள்ள கிணறுகளை வீட்டுப்பேர் சொல்லி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

“பின்னால யாருக்காவது கிணறு உண்டா?”

“பின்னால மதிலு. அதுக்கு அங்கிட்டு ஆறு.”

பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சரிவில் ஓட்டு லைன்வீடுகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். சத்தமும் அடுப்புப் புகையும் வருகிறது என்று அவர்தான் மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார். கட்டிய பிறகு அந்தப் பக்கம் அவர் மனத்தில் இல்லை. ஆறு என்றதும் பிரேமாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த வேலைக்கு ஜீப் காத்துக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

மோட்டார் சுவிட்சின் மேல் தாளை ஒட்டி, யாரும் போடக்கூடாது என்றார். ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி ஜன்னலில் வரிசையாக வைத்தார். காலையில் ஒரு பாட்டில், மனம் கேட்காமல் மதியத்துக்கு ஒன்று, வெயில் சாய்வதற்குள் மற்றொன்று. வெயிலில் தூக்கிப் பிடிப்பார், கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒருநாள் பச்சை தெரிந்தே விட்டது. பாட்டிலைத் திருப்பியபோது அது கிணற்றோர வாழையின் நிழல். இன்னொருநாள் பாசி. பாட்டிலின் கண்ணாடிக்கே ஒரு பச்சை இருப்பதாக அவர் ஒருநாள் கண்டுபிடித்து, எல்லாப் பாட்டில்களையும் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைப் பிஞ்ஞாணக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கத் தொடங்கினார்.

எந்த வினாடியும் அந்தக் கல்லின் ஓட்டைகளுக்குள் ஒரு பச்சை நூல் வீட்டுக்கு அடியில் ஊர்ந்து வருவதாகத் தோன்றும். தளத்தில் வெறுங்காலோடு நிற்கும்போது உள்ளங்கால் கூசியது. வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் தமக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை. வந்துவிட்டால், கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இல்லாவிட்டாலும், அப்பா குழி வெட்டிய நாளிலிருந்து அம்மன் தலையில் ஊற்றியது என்ன?

கக்கூசில் ஒரு காலையில் அவர் கை இரண்டாவது கோப்பைத் தண்ணீரை மொள்ளாமல் நின்றது. தண்ணீர் குறைந்தால் சாயம் நகராது. அந்த எண்ணம் தானாக வந்தது, அழைக்காமல். வெளியே வந்து கால் கழுவியபோது முகம் சூடேறிவிட்டது. திரும்ப உள்ளே போய் ஒரு வாளி முழுவதையும் கவிழ்த்தார். இந்த வீட்டுப் பேர் திருட்டுத்தனத்தில் நிற்க வேண்டியதில்லை.

“இங்க பாருங்கோ,” என்றாள் பகவதியம்மாள், பிஞ்ஞாணத்தின் மேல் குனிந்திருந்த அவரைப் பார்த்து. “பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீங்க என்ன இவ்வளவு நேரம் உத்துப் பாக்கல.”

அவர் பிஞ்ஞாணத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

“பின்னால லைன்வீட்டுல இசக்கிசெல்வி பிள்ளைக்கும் மஞ்சக்காமாலையாம். பூமாரி, அந்தச் சின்னது. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்காம்.”

“அதுக்கு இப்பம் நான் என்ன செய்யதுக்கு? வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு.”

ஐப்பசி கடைசியில் பிரேமா வந்தாள். தன் கருவியில் கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பார்த்தாள், தெருவிலுள்ள மற்றக் கிணறுகளிலும் எடுத்துப் பார்த்தாள். சாயத்தின் சுவடு எங்கேயும் இல்லை. இந்தக் கிணற்றில் கிருமியும் இல்லை. தெருவில் நோய் வந்தது உடைந்த குடிநீர்க் குழாய் ஏதாவது வழியாக இருக்கலாம், அதையும் தேட வேண்டும் என்றாள். ஆனாலும் ஏதோ அவளுக்குச் சரியாகப் படவில்லை. “இவ்வளவு சாயம் எங்கதான் போச்சு?” என்று தனக்குள்போலச் சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

பிள்ளை அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பசிவன் வந்து, கார்த்திகை முதல் நாள் மேளத்தோடு குடம் ஏற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்முன் காப்பி வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறவரை பிள்ளை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டலத்துக்கு முந்தின நாள், வெயில் ஏறின நேரம். பகவதியம்மாள் புளிபோட்டு விளக்கிய செப்புக்குடம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை குழி மூடியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்கோடிக்குப் போனார். மதிலுக்கு அந்தப்புறம் ஒரு பெண்குரல் யாரையோ ஏசிக்கொண்டிருந்தது. சாய வேட்டியைக் கிணற்றடியில் கொண்டுவந்து அலசியது யார், அலசின கையில் புழு வைக்க, என்று போனது ஏச்சு. இன்னொரு குரல், தான் இல்லை என்று சாமி பேரில் ஆணையிட்டது.

சாயம் என்ற சொல் அவரை நிறுத்தியது.

பிரேமா தண்ணீர் ஊற்றிக் காட்டிய வெட்டுக்கல் மதிலடியிலேயே கிடந்தது. பிள்ளை அதை நிமிர்த்தி வைத்து, மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்த மதிலுக்கு மேல் அவர் தலை போனது அதுதான் முதல் தடவை.

கீழே சரிவில், மதிலிலிருந்து ஒரு கல்லெறியும் தூரமில்லை, சிமென்ட் உறை இறக்கிய ஒரு கிணறு. கிணற்றடியில் பிளாஸ்டிக் வாளி. வாளித் தண்ணீர் வெயிலில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வாழை நிழலா, பாசியா என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை நாளும் மூன்று வேளையும் தேடிய நிறம். அதை உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என்னங்கய்யா? ஒங்க வீட்டுல பெயிண்டு கியிண்டு அடிக்கியளா? நாலு நாளா லேசாத் தெரிஞ்சுது. இன்னைக்குப் பாருங்க, கிளிப்பச்சையா வருது.”

“அதக் குடிச்சியா?”

“குடிக்காம? வேற எங்க போவேன். வடிகட்டித்தான் புள்ளைக்குக் கஞ்சி வச்சேன்.”

அவருடைய கிணறு சுத்தம், நாளைக்கு மேளம். இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. கேட்ட ஒருத்திக்கும் அவர் பதில் சொல்லி அனுப்பியாயிற்று. ஓரிரண்டு மழையில் பச்சை போய்விடும். போன பிறகு நிறமில்லாமல் என்ன வந்துகொண்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நிறையாத குழி இத்தனை வருஷமாக எங்கே நிறைந்துகொண்டிருந்தது என்று இப்போது கண்ணெதிரே தெரிந்தது.

“அந்தத் தண்ணியத் தொடாத,” என்றார். “எங்க வீட்டுக் குழியிலேருந்து வருகு அது.”

அவள் புரியாமல் நின்றாள். புரிந்தபோது வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். அவரை ஏசுவாள் என்று எதிர்பார்த்தார், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பாயில் பூமாரி சுருண்டு படுத்திருந்தது.

“அப்ப நான் தண்ணிக்கு எங்கய்யா போவேன்?”

“முன்வாசல் வழியா வா. எங்க கிணத்துல எடுத்துக்கோ.”

“நான் விடியக் கருக்கல்லயே சித்தாளு வேலைக்குப் போறவ. அதுக்குள்ள புள்ளைக்குக் கஞ்சி வச்சுட்டுப் போணும். ஒங்க வீட்டுல அம்மன் குடம் எடுக்காம கயிறத் தொடக்கூடாதும்பாவளே?”

மதிலின் மேல் இருந்த அவர் கை கல்லை இறுக்கிப் பிடித்தது. குடம் போன பிறகு வா என்பதுதான் வாயில் வந்த சொல். அதை விழுங்கிக்கொண்டார்.

“ஒனக்கு எப்பம் வேணுமோ அப்பம் வா,” என்றார்.

உள்ளே போய்ப் பிரேமாவின் ஆபீசுக்குப் போன் செய்தார். மதிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது, பச்சை அதில் வந்திருக்கிறது என்றார். பின்னால் ஒன்றுமில்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே என்று அவள் மெல்லக் கேட்டாள். ஆமாம், சொன்னேன் என்றார். காலையில் வருவதாகவும், அதுவரை அந்தக் கிணற்றில் யாரும் எடுக்க வேண்டாம், இவர் வீட்டுக் குழியையும் புழங்க வேண்டாம் என்றும் சொல்லி அவள் போனை வைத்தாள். பிள்ளை கக்கூஸைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று அவர் மனம் படுத்திய பாட்டுக்கு முந்தின நாட்களே தேவலை. இசக்கிசெல்வி விவரம் தெரிந்தவள், காத்திருப்பாள் என்று ஒரு நேரம் நினைத்தார். அவளுக்கு முன்னால் எழுந்து இறைத்துவிட்டால் யாருக்கும் கேடில்லை என்று இன்னொரு நேரம் நினைத்தார். முன்வாசல் கேட்டைத் தாளிடாமல் விட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். தாளிட்டிருந்தால் தேவலை என்ற நினைப்போடுதான் பார்த்தார். திறந்தே இருந்தது.

மறுநாள் வழக்கத்துக்கு வெகு முன்னதாகவே எழுந்தார். முந்தின நாள் தொட்டியில் நிறைத்து வைத்த தண்ணீரில் குளிக்க உட்கார்ந்தார். தெருக்கோடியில் தவுலை வார் பிடித்துத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. முதல் கோப்பையைத் தலையில் ஊற்றியபோது முற்றத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.

கோப்பை அந்தரத்தில் நின்றது. வாளி இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு செருமல் போதும். அவள் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வாள். மேளம் அவருக்காகக் காத்திருந்தது, தெரு காத்திருந்தது, சாம்பசிவன் காத்திருந்தார். தலையிலிருந்து வழிந்த தண்ணீர் கண்ணை மறைத்தது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மூச்சை விட்டார். வாளி தண்ணீரைத் தொட்டது, அமிழ்ந்தது, கனத்து மேலே வந்தது. குடத்தில் ஊற்றும் ஓசை. பிறகு கேட் மூடிக்கொண்டது.

ஈர வேட்டியோடு அவர் வந்தபோது பகவதியம்மாள் செப்புக்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அவ எடுத்துட்டுப் போயாச்சு,” என்றாள். அவள் கண் அவர் முகத்தைத் தேடியது. “யாருக்குந் தெரியாது. தரட்டா?”

அவர் குடத்தை வாங்கி, விளிம்பில் ஒட்டியிருந்த புளிச்சக்கையை விரலால் துடைத்து, திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்தார். தெருவில் இறங்கினார். ஈர வேட்டியைக் கண்டதும் தவுல்காரன் தொடங்கினான். வெறும் தோள் கிட்டத்தில் தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டான். நாதஸ்வரமும் இடையில் நின்றது.

“குடம் எங்க அண்ணாச்சி?” என்றார் சாம்பசிவன். கேட்ட பிறகுதான், குடம் வரும் வழியில் பேசக்கூடாது என்பது அவருக்கு நினைவு வந்தது.

பிள்ளை நடையை நிறுத்தினார். குடம் இல்லாத வழியில் பேசலாம். தோளில் கனமில்லாதது அவருக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் கழுத்து குனியாமல் நின்றது.

“மொதக்குடம் போக வேண்டிய எடத்துக்குப் போயாச்சு, சாம்பசிவா. இந்த வருஷம் குடம் ஒங்க வீட்டுலேருந்து வரட்டும். அதுக்கு முன்ன ஒங்க குழி நெறஞ்சிருக்கா, நெறையாமக் கெடக்கான்னு பாத்துக்கிடணும். தெருவுல எல்லாரையும் கூப்பிடும். எங்க குழியப் பத்தி ஒரு வெவரம் சொல்லணும்.”